சக்கரத்தைக் கழற்றாமல்

ரொம்ப முன்னேயும் இல்லை, நேற்றும் இல்லை. மலைக்குப் பாதி தூரம் தார் போட்டு, மீதியை மழைக்கு விட்டுவிட்டுப் போன ஒரு காலத்தில், அந்த மலைக்குக் கீழே ஒரு மடம் இருந்ததாம். மடத்துக்கு ஒரு வாகை மரம். மரத்துக்கு ஒரு நிழல். நிழலுக்குள் ஒரு கார்.

காருக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் மலையேறும். மேலே இருக்கிற ஊர்களுக்கு அரிசி போனாலும் அதில்தான் போகும், அங்கிருந்து நோயாளி வந்தாலும் அதில்தான் வரும்.

அந்தக் காரை ஓட்டுகிறவர் தவமணியம்மா. மடமும் அவர் பொறுப்புதான். காவி கிடையாது, சடை கிடையாது. நூல் சேலை, இடுப்பில் செருகிய கார் சாவி. யாருக்கும் அவர் உபதேசம் என்று ஒன்று சொன்னதே இல்லை. கேள்வியோடு வருகிறவர்களின் கையில் ஒரு வேலையைக் கொடுப்பார். வேலை முடிந்து எழுந்திருக்கும்போது பாதிப் பேருக்குக் கேள்வி மறந்திருக்கும். மீதிப் பேருக்குப் பதில் கிடைத்திருக்கும். முதுகுவலி எல்லோருக்கும் பொது.

சுற்றுவட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீடு கட்டுவதோ, பாகம் பிரிப்பதோ, பெண் கொடுப்பதோ, எதுவானாலும் மடத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் தொடங்க மாட்டார்கள். அம்மா "செய்ங்க" என்றால் அன்றைக்கே செய்வார்கள். பேசாமல் இருந்துவிட்டால் தள்ளிப்போடுவார்கள்.

மழை விட்ட ஒரு காலை நேரத்தில் செங்கமலை வந்து சேர்ந்தார்.

செங்கமலைக்குத் துறையூர் ரோட்டில் பஞ்சர் கடை. தம்பி அழகுதுரையோடு கூட்டுக் கடை. தவமணியம்மாவைவிட அவருக்கு வயது அதிகம். தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. இருந்தாலும் அமாவாசை தவறாமல் மடத்துக்கு வருவார். தன்னைச் சீடன் என்று சொல்லிக்கொள்வார். அம்மா அவரை அப்படிச் சொன்னதும் இல்லை, இல்லை என்று மறுத்ததும் இல்லை.

"தாயே, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"ஆச்சு. கடைக்கு நடுவுல சுவர் எழுப்பப் போறேன். செங்கல் சொல்லியாச்சு. நாளைக்குக் காலையில கொத்தனார் வர்றான். நீங்க 'ம்'னு சொன்னாப் போதும்."

அம்மா முறத்தில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்தக் கடைக்கு?"

"நமக்கு எத்தன கடை இருக்கு? பஞ்சர் கடைக்குத்தான். வடக்கால அவன், தெக்கால நானு. அவன் மூஞ்சில முழிக்காம தொழில் பண்ணணும், அவ்வளவுதான்."

"அழகுதுரை என்ன பண்ணுனாரு?"

செங்கமலைக்கு இந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. மடை திறந்துகொண்டது.

"ஆடி மாசம் ஒரு நாள், லாரிக்காரங்க நாலு பேரு நிக்கிறாங்க தாயே. அவங்க முன்னாடி என் கையில இருந்த ஸ்பேனரப் புடுங்குறான். 'உனக்குக் கை நடுங்குது, நீ போயி ஓரமா உக்காரு'ங்குறான். யாரு, எனக்கு! அவனுக்கு ஸ்பேனர் புடிக்கக் கத்துக்குடுத்தது யாரு? இந்தக் கை பூட்டுன சக்கரம் காசி வரைக்கும் போயிட்டு வந்துருக்கு!"

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். உடனே இறக்கி வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

"அன்னிலருந்து பேச்சு இல்லையா?"

"எதுக்குப் பேசணும்? அது கல்லாட்டம் உள்ள கெடக்கு தாயே. நானும் எவ்வளவோ பாத்துட்டேன். விடிஞ்சா அவன்கூடத்தான் கடை தொறக்கணும், அவன்கூடத்தான் டீ குடிக்கணும். எங்கருந்து போகும்? ஆளக் கண்ணுல இருந்து எடுத்துட்டா மனசு தானாச் சுத்தமாயிடும். சரிதானே?"

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

"காருல மட்கார்டுக்கு உள்ளாற சேறு அப்பிக் கெடக்கு. பின்னாடி விளிம்புல துரு அரிக்க ஆரம்பிச்சிருச்சு. நாலு பக்கமும் கழுவித் தர்றீங்களா? அப்புறம் சொல்றேன்."

செங்கமலைக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. போன அமாவாசைக்குக் கிணற்றடியில் பாசி தேய்க்கச் சொன்னார்; இடுப்பு போய்விட்டது. இன்றைக்கோ அவர் தொழிலையே தூக்கி அவர் கையில் கொடுக்கிறார்.

"இவ்வளவுதானா! சூரியன் மரத்துக்கு மேல வர்றதுக்குள்ள முடிச்சுருவேன்."

வேட்டியை மடித்துக் கட்டினார். காரின் பின்கதவைத் திறந்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கையை விட்டு ஜாக்கியையும் ஸ்பேனரையும் உருவினார். முன்சக்கரத்தின் முன்னால் குந்தி, ஸ்பேனரை நட்டில் மாட்டினார். எல்லாம் ஒரே ஓட்டம். யோசித்துச் செய்வதில்லை அது. கை தானாகச் செய்யும்.

"அண்ணே."

"சொல்லுங்க தாயே."

"சக்கரத்தக் கழட்டாம."

ஸ்பேனர் நட்டிலேயே நின்றது.

"கழட்டாம எப்படி? சக்கரம் இருந்தாக் கை எப்படி உள்ள போவும்? கழட்டி ஓரமா வெச்சா வயல் மாதிரி எடம் கெடக்கும். அலசி ஊத்திட்டு மாட்டிரலாம்."

"மேலருந்து எந்நேரம் ஃபோன் வரும்னு தெரியாது. கூப்பிட்டா கார் கெளம்பணும்."

"மாட்டுறதுக்கு எவ்வளவு நேரம் ஆயிரும்? நான் மாட்டாத சக்கரமா?"

அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். செங்கமலை ஸ்பேனரை எடுத்தார். அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை. கடைசியில் பின்சீட்டில் போட்டார், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று.

குழாயை இழுத்து வந்து முன்சக்கரத்துக்கு மேலே தண்ணீரைப் பீச்சினார். தண்ணீர் உள்ளே மோதி அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. வாயில் மண். துப்பிவிட்டு மறுபடி பீச்சினார். கீழ்ப்பக்கம் கொஞ்சம் கரைந்து ஒழுகியது. அவருக்குத் திருப்தி. ஈரத்தில் மட்கார்டு பளபளவென்றுதான் இருந்தது.

"தாயே, ஒண்ணு முடிஞ்சது!"

அம்மா வந்தார். குனிந்து பார்க்கக்கூட இல்லை. நின்றபடியே மட்கார்டின் விளிம்புக்குள் விரலை விட்டு, மேல்மடிப்பில் ஒரு தடவு தடவினார். கை வெளியே வந்தபோது உள்ளங்கையில் ஒரு மண்கட்டி. நெடுநாள் சேறு, சுட்ட செங்கல் மாதிரி இறுகியிருந்தது.

"இது எங்க இருந்துச்சு?"

செங்கமலை கட்டியைப் பார்த்தார். மட்கார்டைப் பார்த்தார்.

"அந்த மடிப்புக்குத் தண்ணி எட்டாது."

"ஆமா."

"கைதான் எட்டும்."

"ஆமா."

"கை போனா சக்கரம் இடிக்கும்!"

"ஆமாண்ணே," என்று அம்மா மூன்றாவது முறையும் சொன்னார். பிறகு காருக்குள் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகக் கடைசிவரை ஒடித்தார்.

முன்சக்கரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் பின்னால் ஒரு சந்து திறந்தது, ஆள் கை தாராளமாகப் போகிற அளவுக்கு. செங்கமலைக்குச் சுருக்கென்றது. ஸ்டீயரிங்கை ஒடித்தால் சக்கரம் திரும்பும் என்பது தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தேவை வந்ததே இல்லை. இடைஞ்சல் என்றால் கழற்றுவது. அவ்வளவுதான் அவர் தொழில்.

ஒரு பழைய பாட்டில் பிரஷ்ஷும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். முதலில் சேற்றை ஊறவிட்டார். பிறகு கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு விரலால் தேடினார். விரலுக்கு மடிப்பு தெரிந்தது, மடிப்புக்குள் சேறு தெரிந்தது. நாரால் தேய்த்து, நகத்தால் நெம்பி, உதிர்த்து இழுத்தார். ஸ்டீயரிங்கை மறுபக்கம் ஒடித்துவிட்டு முன்பாதியையும் அதேபோல் செய்தார். டயர் உரசி முட்டியில் தோல் போனது. ஆனால் கட்டி கட்டியாக மண் விழ விழ, அவருக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. கீழே விழுந்த மண்ணைக் காலால் கூட்டிப் பார்த்தார். ஒரு சட்டி செடி வைக்கலாம்.

அடுத்த முன்சக்கரமும் முடிந்தது. அம்மா வந்து விரலை விட்டுப் பார்த்தார். வெறும் ஈரம்தான் வந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பின்சக்கரத்தில்தான் வினை. அது திரும்பாது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல்கூட நுழையவில்லை. செங்கமலை காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்சீட்டில் கிடந்த ஸ்பேனர் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"தாயே, முன்னாடி சரி. பின்னாடிக்குக் கழட்டித்தான் ஆவணும்!"

மடத்துக்குள்ளிருந்து தாளிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

அவர் பின்சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்து அதை முறைத்தார். சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் தோன்றவில்லை. பீடி பற்ற வைக்கலாமா என்று தலையைத் தூக்கியபோதுதான் கார் கண்ணில் பட்டது. பின்பக்கம் புடைத்துக்கொண்டு தாழ்ந்து நின்றது, வளைகாப்புக்கு உட்கார்ந்த பெண் மாதிரி.

"அட!"

எழுந்து பின்கதவைத் திறந்தார். அரிசி மூட்டை ஒன்றைத் தோளுக்கு இழுத்து, மடத்து வாசலில் கொண்டுபோய் இறக்கினார். இன்னொன்று. அதற்கப்புறம் பருப்பு மூட்டை, எண்ணெய் டின். ஒவ்வொன்றாக இறங்க இறங்க, அடியில் இருந்த ஸ்பிரிங் பட்டைகள் முனகிக்கொண்டு நிமிர்ந்தன. கார் மூச்சு விட்டதுபோல மேலே வந்தது. சக்கரம் அதே இடத்தில்தான் இருந்தது. இடம் மட்டும் உண்டாகிவிட்டது.

கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போனது.

அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்து மூட்டைகளைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"நானே கண்டுபுடிச்சேன்," என்றார் செங்கமலை.

"தெரியுது."

"சும்மா பாராட்டுனாத்தான் என்ன தாயே?"

"சோறு ஆயிருச்சு. மூணாவது சக்கரம் முடிச்சுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனார்.

மூன்றாவது முடிந்தது. நான்காவதுக்குச் சேற்றை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. மலைமேல் ஓர் ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் தார் ரோடு முடிகிற இடத்தில் நிற்கிறது. அதற்கு மேல் சேற்றில் ஏறவில்லை. பெண்ணைக் கொண்டுவந்து ஆம்புலன்ஸில் சேர்க்க வேண்டும்.

அம்மா கையைக்கூடச் சரியாகத் துடைக்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஏறினார். காலியான பின்பக்கத்தில் ஒரு பாயை எறிந்தார்.

"தாயே, இன்னும் ஒண்ணு பாக்கி..."

கார் வளைவைத் தாண்டிவிட்டது.

வாகை மரத்தடியில் காரின் அளவுக்கு ஒரு காய்ந்த சதுரமும் அதைச் சுற்றிச் சேறும் கிடந்தன. செங்கமலை அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு சக்கரத்தையும் கழற்றி மரத்தில் சாய்த்து வைத்திருந்தால் இந்நேரம் தன் கை எவ்வளவு பதறியிருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். பிறகு அந்த நினைப்பைத் துண்டால் முகத்தோடு சேர்த்துத் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

கார் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

"பாதி வழியிலயே பொறந்துருச்சு. பொண்ணு. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க," என்று சொல்லிக்கொண்டே அம்மா இறங்கினார்.

செங்கமலை சந்தோஷப்பட்டார். அப்புறம் காரைப் பார்த்தார். சந்தோஷம் இறங்கிவிட்டது. நான்கு மட்கார்டும் சேறு. காலையிலிருந்து தோல் உரிய உரியத் தேய்த்த மூன்றும், தொடாத ஒன்றும், எல்லாம் ஒரே நிறம்.

"போச்சு! பட்டதெல்லாம் பாழாப் போச்சு!"

அம்மா ஒரு வாளித் தண்ணீரை எடுத்தார். காலையில் முதலில் கழுவிய முன்சக்கரத்தின் மேலே ஊற்றினார். சேறு வழுக்கிக்கொண்டு இறங்கித் தரையோடு போய்விட்டது. மட்கார்டின் உள்பக்கம் மறுபடி கறுப்பாகத் தெரிந்தது.

"இது இன்னிக்குச் சேறு. ஈரமா இருக்கையில தண்ணியோட போயிரும். காலையில நீங்க எடுத்தது ஆடி மாசத்துது."

செங்கமலை நிமிர்ந்து பார்த்தார். ஆடி மாசம் என்று அம்மா சும்மா சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்று அவருக்குப் புரியவில்லை. அம்மாவோ அடுத்த வாளியை எடுக்கப் போய்விட்டார்.

மீதியிருந்த நான்காவது சக்கரத்துக்கு அவர் வந்து உட்கார்ந்தார். அதில் பழையதும் புதியதும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. புதியது தண்ணீரோடு போனது. பழையதற்குக் கை வேண்டும். டயருக்குப் பின்பக்கமாகத் தோள் வரை கையை நுழைத்து, கன்னத்தைக் காரில் அழுத்திக்கொண்டு தேய்த்தார். காலையிலிருந்து வேலை செய்த கை. அலுத்துப் போயிருந்தது. விரல் பிடியை விட்டது. பிரஷ் நழுவி, டயரின் தலைமேல் எங்கோ விழுந்தது.

துழாவினார். கிடைக்கவில்லை.

அப்போது மொபெட் சத்தம் கேட்டது. பார்க்காமலே தெரியும் அவருக்கு. அந்த சைலன்சரை மாற்று மாற்று என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அழகுதுரை.

"ஃபோன எடுக்கலன்னா ஆளு நேர்லதான் வர வேண்டியிருக்கு," என்றது குரல். "செங்கல் லோடு வந்து நிக்குது. எந்தப் பக்கம் எறக்கறதுன்னு டிரைவர் கேக்குறான். வடக்காலயா, தெக்காலயா?"

செங்கமலை தலையைத் திருப்பவில்லை.

"தாயே, அவன்கிட்ட சொல்லுங்க, தெக்கால எறக்கச் சொல்லி."

"நீங்களே சொல்லுங்கண்ணே, பக்கத்துலதான் நிக்கிறாரு," என்றார் அம்மா.

அழகுதுரை ஓர் அடி கிட்டே வந்து குனிந்து பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சக்கரத்தக் கழட்டாமயா? நீயா? ஊதுபத்தி ஏத்துனாக்கூட சக்கரத்தக் கழட்டிட்டு ஏத்துற ஆளு நீ!"

"வந்த வேலையப் பாத்துட்டுப் போடா."

"பேசிட்டியே! மூணு மாசத்துக்கப்புறம் பேசிட்ட பாத்தியா!"

செங்கமலை பல்லைக் கடித்தார். கை இன்னும் உள்ளேதான் இருந்தது.

"என்னத்தத் தேடுற?"

"பிரஷ்ஷு. டயரு மேல விழுந்துருச்சு."

"அந்தப் பக்கத்துலருந்து எட்டாது. இரு."

அழகுதுரை மொபெட்டை நிறுத்திவிட்டு, டயரின் முன்பக்கம் வந்து உட்கார்ந்தான். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தன் கையை உள்ளே விட்டான். இப்போது அண்ணன் டயருக்குப் பின்னால், தம்பி டயருக்கு முன்னால். இருவர் கன்னமும் காரில் ஒட்டியிருந்தன. நடுவில் சக்கரம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. கைகள் மட்டும் இருட்டுக்குள் ஊர்ந்து வந்து, டயரின் தலைமேல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

அழகுதுரையின் கை அப்படியே நின்றது. எடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

பிறகு அவன் குரல் வந்தது. சிரிப்பு போயிருந்தது.

"இப்பவும் நடுங்குதுண்ணே."

செங்கமலை கன்னத்தைக் காரில் இன்னும் அழுத்திக்கொண்டார்.

"அன்னிக்கு அந்த லாரியில நீ மாட்டுன சக்கரத்துல நட்டெல்லாம் கையாலயே சுத்துற மாதிரி இருந்துச்சு. நீ முறுக்கிட்டேன்னுதான் நெனச்ச. முறுக்கவே இல்ல. லோடு ஏத்திக்கிட்டு மலையிறங்குற வண்டி."

டயர்மேல் செங்கமலையின் விரல்கள் மடங்கின.

"உன் கையிலருந்து புடுங்குனது தப்புதான். பதட்டத்துல என்ன பேசுனேன்னு எனக்கே தெரியல."

"தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா? 'எனக்காடா சொல்ற'ன்னு நீ ஸ்பேனரத் தூக்கி எறிஞ்சுட்டுப் போயிருப்ப. உனக்கே தெரியும்."

தெரியும். கை நடுங்குவதும் தெரியும். தையிலிருந்தே தெரியும். டீ டம்ளரை இரண்டு கையால் பிடிக்க ஆரம்பித்தது எதற்காம்? அதை யாருக்கும் காட்டாமல், வேட்டி மடிப்புக்குள்ளும் துண்டுக்கு அடியிலும் ஒளித்து ஒளித்து வைத்திருந்தார். சத்தமாக ஒருவன் சொன்னதும் அந்த வெட்கத்தையெல்லாம் கோபமாக்கி அவன்மேல் அள்ளிப் பூசிவிட்டார்.



"பிரஷ்ஷு கெடச்சுதா இல்லையாடா?" என்றார்.

"கெடச்சுது. குடு கைய."

பிரஷ் கை மாறியது. தேய்க்கிற சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தது. முன்பக்கத்திலிருந்து நகத்தால் சுரண்டுகிற சத்தம் வந்தது. கட்டி கட்டியாக மண் விழுந்தது.

"உன் பக்கம் இன்னும் இருக்கு பாரு."

"என் பக்கம் ஒண்ணும் இல்ல. உன் பக்கந்தான் மடிப்புல கெடக்கு."

"மடிப்புல விரல வுட்டுப் பாரு, பேசாத."

"ஆமா, பெரிய மடத்துச் சாமியாரு..."

வேலை முடிந்து இருவரும் எழுந்தபோது முழங்கால் இரண்டு பேருக்கும் சொடக்குப் போட்டது. அம்மா வந்து நான்காவது மட்கார்டின் மடிப்பில் விரலை விட்டுத் தடவினார். ஒன்றும் வரவில்லை. நான்கையும் ஒரு தடவை பார்த்தார்.

"நல்லாருக்கு," என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே பாராட்டு அதுதான்.

அழகுதுரையின் ஃபோன் அடித்தது. செங்கல் லாரிக்காரன். "இருய்யா, வர்றேன்," என்று வைத்துவிட்டான். பிறகு அண்ணனைப் பார்த்தான். கேட்கலாமா வேண்டாமா என்று நின்றான்.

செங்கமலையும் நின்றார். செங்கல் வந்துவிட்டது. நாளைக்குக் கொத்தனார் வருகிறான். சுவர் எழும்பப் போகிறது என்று ரோட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. தம்பி சொன்னது நியாயம்தான். ஆனாலும் நாலு பேர் முன்னால் கை வெறுமையாக நின்றது இன்னும் எங்கோ உறுத்துகிறது. நாளைக்கே அவன் மறுபடி ஸ்பேனரை வாங்கினால் பொறுத்துக்கொள்ள முடியுமா? தெரியவில்லை. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

"தாயே," என்றார். "காலையில கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே. சுவரு..."

அம்மா கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். விரல் விரலாக அலசி முடித்து, முந்தானையில் துடைத்தார்.

"கட்டுங்க."

அழகுதுரையின் முகம் சப்பென்று விழுந்துவிட்டது. செங்கமலைக்கும் கேட்ட வார்த்தை கிடைத்தும் அது இனிக்கவில்லை.

"நெசமாத்தான் சொல்றீங்களா தாயே?"

"நெசமாத்தாண்ணே. கட்டுறப்ப ஒரு எடத்துல மட்டும் செங்கல் வெக்காம விட்டுருங்க."

"ஜன்னலா?" என்றான் அழகுதுரை.

"ஜன்னல் வேண்டாம். மூஞ்சி தெரியக் கூடாதுன்னுதான உங்க அண்ணன் கேட்டாரு? மூஞ்சி தெரிய வேண்டாம். கை போனாப் போதும்."

சொல்லிவிட்டு, வாசலில் இறக்கி வைத்திருந்த அரிசி மூட்டை ஒன்றின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

அழகுதுரை மொபெட்டின் ஸ்டாண்டைத் தட்டினான். ஸ்டார்ட் செய்யவில்லை, தள்ளிக்கொண்டு மெதுவாக நடந்தான்.

செங்கமலை வாகை மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் அவரும் மொபெட்டுக்குப் பின்னால் நடந்தார்.